ஓடாத ரயிலின் கம்பி

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “அண்ணாச்சி, தென்னாப்பிரிக்காவில் ரயிலுக்கு மேலே போகும் கரண்டு கம்பியை அறுத்து, தண்டவாளத்தையும் கழற்றி, ஸ்டேஷன் கூரைத் தகரம்கூட விடாமல் கொண்டுபோய்விட்டார்களாமே. வெள்ளைக்காரன் இருந்தவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது, கறுப்பர் கைக்குப் போனதும் நாசமாகிவிட்டது என்று கூட வேலை பார்க்கிறவர்கள் சொல்கிறார்கள். உண்மையா? நம்ம ஊரிலும் அப்படி ஒரு நாள் வருமா?”

கேள்வி இரண்டு என்றாலும் பதில் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கிறது, அதனால் சேர்த்தே சொல்கிறேன். நான் ஆரல்வாய்மொழிப் பக்கம். படித்தது மின்சாரம். 2011 முதல் 2019 வரை ஜொகன்னஸ்பர்க்கைச் சுற்றி ஒரு ஒப்பந்த நிறுவனத்தில் துணைமின் நிலையப் பராமரிப்பு வேலை பார்த்தேன். திருட்டுப் போன கேபிளுக்குப் பதிலாகப் புதுக் கேபிள் இழுப்பதே அந்த வேலையில் பாதி. இந்த விஷயத்தில் எனக்குக் கோபமும் உண்டு, அந்த மக்கள்மேல் பிரியமும் உண்டு. இரண்டும் இதில் வரும்.

செய்தி பொய்யில்லை. அங்கே நகரப் பயணிகள் ரயிலை நடத்துவது பிராசா என்ற அரசு நிறுவனம். அதன் காவல் ஒப்பந்தங்கள் முறைகேடானவை என்று 2019இல் முடிவுக்கு வந்தன. ஒழுங்கான மாற்று ஏற்பாடு வருவதற்குள் 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு. ரயில் நின்றது. கம்பியில் கரண்டு இல்லை, பிளாட்பாரத்தில் ஆள் இல்லை, காவலுக்கும் ஆள் இல்லை. அடுத்த சில மாதங்களில் ஜொகன்னஸ்பர்க், பிரிட்டோரியா வட்டாரத்தில் நிலையம் நிலையமாக உரித்தெடுத்தார்கள். செம்புக் கம்பி போனது, சிக்னல் கேபிள் போனது, கதவு, ஜன்னல், கூரை போனது, சில இடங்களில் சுவர்ச் செங்கல்கூட மிஞ்சவில்லை. கேப் டவுனில் மத்தியத் தடம் என்று சொல்லும் பாதையில், வீடில்லாத குடும்பங்கள் தண்டவாளத்தின் மேலேயே தகரக் குடிசை போட்டுக் குடியேறின. 2008-09இல் ஆண்டுக்கு 60 கோடிக்கும் மேற்பட்ட பயணங்கள் நடந்த அந்த நகர ரயிலில் 2021-22இல் 2 கோடிகூட நடக்கவில்லை.

செம்பு ஏன் என்பதைக் கொஞ்சம் விளக்குகிறேன், என் தொழில் அது. நம்ம நாகர்கோவில் பாதையில் மேலே ஓடுவது 25,000 வோல்ட் மாறுமின்சாரம். அங்கே நகர ரயில்கள் 3,000 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுகின்றன. வோல்ட் குறைந்தால் அதே சக்திக்கு ஆம்பியர் கூடும், ஆம்பியர் கூடினால் கம்பி தடிக்க வேண்டும். ஆகவே தலைக்கு மேலே தடித்த செம்பு, சில கிலோமீட்டருக்கு ஒரு துணைமின் நிலையம், அதிலிருந்து பாதைக்கு வரும் கேபிளும் தடித்த செம்பு. 2020 மார்ச்சில் உலகச் சந்தையில் டன் 5,000 டாலருக்குக் கீழே கிடந்த செம்பு 2021 மே மாதம் 10,000 டாலரைத் தாண்டியது. வேலை போன ஒருவன் கையில் ஒரு ஆக்சா பிளேடு இருந்தால் போதும், ஊர் நடுவே கம்பியில் காசு தொங்குகிறது.

ஆனால் அறுக்கிறவனுக்குக் கிடைப்பது சாப்பாட்டுக் காசுதான். அங்கே அவர்களை இசின்யோகா என்பார்கள், ஜூலு மொழியில் பாம்புகள் என்று அர்த்தம். ரப்பர் உறையை எரித்து, செம்பைச் சுருட்டி, நம்ம ஆக்கர் கடை (பழைய இரும்புக் கடை) மாதிரியான ஒரு கடையில் எடைக்குப் போடுவான். அங்கிருந்து பெரிய கடை, அங்கிருந்து உருக்காலை, இல்லையென்றால் கண்டெய்னரில் ஏறித் துறைமுகம். பணம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டு பழைய இரும்பு, செம்பு ஏற்றுமதிக்கு 2022 நவம்பர் 30 முதல் ஆறு மாதத் தடை போட்டார்கள், பிறகு அதை நீட்டினார்கள். அந்தக் காரியத்தைப் பத்து வருடம் முன்பே செய்திருக்கலாம்.

ஒரு முறை நாற்பது மீட்டர் கேபிள் போன இடத்தில் நாங்கள் புதிது போட்டு, ஜாயின்ட் அடித்து, சோதித்துக் கரண்டு கொடுக்க மூன்று நாள் ஆனது. நான்காம் நாள் இரவு அதே நாற்பது மீட்டர் மறுபடி போய்விட்டது. என்னோடு வேலை பார்த்த, சொவேட்டோ என்ற கறுப்பர் குடியிருப்பைச் சேர்ந்த ஒருவர், ஐம்பது வயது இருக்கும், அந்தக் குழியின் கரையில் உட்கார்ந்து அழுதார். அவர் வீட்டுக்குப் போகிற ரயில் அந்தக் கேபிளில் ஓடுகிறது. ரயில் நின்றால் அவர் மினிபஸ் டாக்சியில் போக வேண்டும், அதற்கு ரயிலைப்போலப் பல மடங்கு காசு. கறுப்பர் கெடுத்தார்கள் என்று சொல்லும்போது, இழந்தவர்களும் கறுப்பர்களே என்பதை மறந்துவிடுகிறோம். வசதியுள்ளவர்கள் அந்த ரயிலில் ஏறுவதே இல்லை.

சரி, வெள்ளைக்காரன் காலத்துக்கு வருவோம். செம்பு விலை ஏறினால் திருட்டு எல்லா ஊரிலும் நடக்கும். 2011ஆம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்திலேயே ரயில் கேபிள் திருட்டு பெரிய தலைவலியாக இருந்தது, ஆயிரக்கணக்கான ரயில்கள் தாமதமாயின. அவர்கள் 2012இலும் 2013இலும் சட்டம் கொண்டுவந்து, பழைய உலோகக் கடையில் ரொக்கமாகக் காசு கொடுப்பதையே தடை செய்தார்கள். விற்றவன் பெயர் பதிவாகும் என்றதும் திருட்டு இறங்கியது. அங்கும் திருடன் இருந்தான். மறுநாளே புதுக் கம்பி இழுக்கவும், ஆக்கர் கடையைக் கணக்கு கேட்கவும் ஆள் இருந்தார்கள்.

தென்னாப்பிரிக்காவில் அந்த ரயில் யாருக்காகப் போடப்பட்டது என்றும் பார்க்க வேண்டும். டர்பனில் முதல் ரயில் ஓடியது 1860 ஜூனில். அதே வருடம் நவம்பரில் மதராசிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளோடு டர்பன் போய்ச் சேர்ந்தது. பிற்பாடு நேட்டால் ரயில்வேயில் வேலை செய்தவர்களில் நம்ம ஆட்களும் உண்டு. நிறவெறி ஆட்சி வந்தபின் கறுப்பர்களை நகரத்துக்கு வெளியே வெகுதூரத்தில் சொவேட்டோ போன்ற குடியிருப்புகளில் அடைத்து, காலையில் வேலைக்குக் கொண்டுவந்து சாயங்காலம் திருப்பி விடுவதற்காகவே பல பாதைகள் ஓடின. 1980களில் அந்த ஆட்சியை எதிர்த்த மக்கள் வாடகையும் கரண்டு பில்லும் கட்டாமல் போராடினார்கள். கட்டாமல் இருப்பதுதான் அன்று நியாயம். அரசின் சொத்து என்றால் எதிரியின் சொத்து. 1994இல் ஆட்சி மாறிய மறுநாள் காலையில் அது ‘நம்ம சொத்து’ ஆகிவிடுமா? அந்த மாற்றத்துக்கு நிறைய உழைப்பு வேண்டும். ரயில்வேக்கென்று தனியாக இருந்த போலீஸ் படையை 1986இலேயே பொதுப் போலீசோடு சேர்த்துக் கலைத்ததும் அந்த வெள்ளையர் ஆட்சிதான்.

1994க்குப் பிறகு வந்தவர்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது அநியாயம். அன்று மூன்றில் ஒரு பங்கு வீடுகளுக்குத்தான் மின்சாரம் இருந்தது. இருபது வருடத்தில் அதை 85 சதவீதம் பக்கம் கொண்டுவந்தார்கள். ஆனால் கொடுக்கிற வீடு கூடும்போது உற்பத்தியும் கூட வேண்டுமே. 2007 வாக்கில் உபரி மின்சாரம் தீர்ந்துவிடும் என்று 1998இல் அரசின் கொள்கை அறிக்கையே எச்சரித்தது. தனியார் வந்து கட்டுவார்கள் என்று காத்திருந்து, எஸ்காம் என்ற அரசு மின் நிறுவனத்தைப் புது நிலையம் கட்ட விடவில்லை. சொல்லி வைத்த மாதிரி 2007 கடைசியில் மின்வெட்டு ஆரம்பித்தது. எஸ்காம் சொன்னது சரி, அரசு செய்தது தப்பு என்று ஜனாதிபதி தாபோ ம்பெக்கி வெளிப்படையாகவே ஒத்துக்கொண்டார். அதுவரைக்கும் அது தவறான கணக்கு, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நடந்தது வேறு ரகம். மெடுப்பி, குசிலே என்று ஆளுக்கு 4,800 மெகாவாட் அளவில் இரண்டு நிலக்கரி நிலையங்கள் ஆரம்பித்தார்கள். கொதிகலன் ஒப்பந்தம் ஹிட்டாச்சிக்கு. அந்த ஹிட்டாச்சியின் உள்ளூர்க் கிளையில் பங்கு வைத்திருந்தது சான்சலர் ஹவுஸ், ஆளுங்கட்சியான ஆப்பிரிக்க தேசிய காங்கிரசுக்குப் பணம் சேர்க்கிற நிறுவனம். அதாவது வாங்குகிற அரசும் விற்கிற கம்பெனியின் பங்காளியும் ஒரே கட்சி. இந்த விவகாரத்தில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் போட்ட வழக்கை ஹிட்டாச்சி 2015இல் 1.9 கோடி டாலர் கட்டி முடித்துக்கொண்டது, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும். இரண்டு நிலையமும் வருடக்கணக்கில் தாமதம், செலவு பல மடங்கு.

ரயிலிலும் இதே கதைதான். பிராசா 350 கோடி ராண்டுக்கு (ராண்டு அந்நாட்டு நாணயம்) 70 எஞ்சின் வாங்க ஒப்பந்தம் போட்டது. வந்து இறங்கியவை அந்நாட்டுப் பாதைகளுக்கு உயரம் அதிகம் என்று 2015இல் செய்தி வெடித்தது. தலைமைப் பொறியாளராக இருந்தவரின் டாக்டர் பட்டமே போலி. 2017இல் நீதிமன்றம் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. சரக்கு ரயில் நடத்தும் டிரான்ஸ்நெட் 1,064 எஞ்சின் வாங்கப்போய், 3,860 கோடி ராண்டு என்று ஆரம்பித்த விலை 5,450 கோடிக்கு ஏறியது. இந்தியாவிலிருந்து போய் அங்கே வியாபாரம் செய்த குப்தா குடும்பத்துக்கு நெருக்கமானவர்களுக்கு அதிலிருந்து எப்படிப் பணம் போனது என்பதை நீதிபதி சோண்டோ ஆணையம் 2018 முதல் 2022 வரை விசாரித்துப் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறது. இது ஜேக்கப் ஜூமா ஜனாதிபதியாக இருந்த 2009 முதல் 2018 வரையிலான காலத்தின் கதை. அவர் பதவிக்கு வருவதற்குச் சற்று முன்புதான், ஊழலை விசாரித்துவந்த ஸ்கார்பியன்ஸ் என்ற சிறப்புப் பிரிவைக் கலைத்தார்கள். கட்சி மாநாட்டில் தீர்மானம் போட்டே கலைத்தார்கள். அந்தப் பிரிவு விசாரித்துக்கொண்டிருந்தவர்களில் ஜூமாவும் ஒருவர்.

இந்த வரிசையை நீங்கள் கவனிக்க வேண்டும், தம்பி. முதலில் விசாரிக்கிறவனை வெளியே அனுப்பினார்கள். அப்புறம் ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். பராமரிப்புக்குப் பணமில்லாமல் போனது, தெரிந்த பொறியாளர்கள் விலகினார்கள், வண்டி தாமதமாகி மக்கள் டாக்சிக்கு மாறினார்கள். ஆள் குறைந்த பாதையில் காவலும் குறைந்தது. இவ்வளவும் நடந்து முடிந்த பிறகுதான் ஆக்சா பிளேடோடு அந்த ஏழை வருகிறான். செய்திப் படத்தில் தெரிகிறவன் அவன் ஒருவன்தான், அதனால் மொத்தப் பழியும் அவன் தலையில், அவன் நிறத்தின் மேல் விழுகிறது.

மின்வெட்டு வந்தபின் இது ஒரு சுழலாகிவிட்டது. கரண்டு இல்லாத இரண்டு மணி நேரத்தில் கேபிளைத் தொட்டால் ஒன்றும் ஆகாது, அலாரமும் அடிக்காது. எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு வெட்டு என்று அட்டவணை போட்டு அறிவிப்பார்கள், திருடனுக்கும் அதே அட்டவணைதான். வெட்டு முடிந்து கரண்டு திரும்பும்போது கேபிள் இருக்காது, வெட்டு நீளும். 2023இல் வருடத்தில் 300 நாளுக்கும் மேல் மின்வெட்டு இருந்தது. சிக்னல் கேபிள் போன பாதையில் வாய்மொழியாக அனுமதி கொடுத்து வண்டி ஓட்டினார்கள். அப்படி ஓடிய பாதையில்தான் 2019 ஜனவரியில் பிரிட்டோரியா மவுண்டன் வியூ நிலையத்தில் இரண்டு ரயில்கள் மோதி உயிர்கள் போயின. ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்தால் ஆண்டுக்கு 9 கோடி டன் நிலக்கரி ஏற்ற முடியும். 2023இல் ரயில் கொண்டுவந்து சேர்த்ததைக் கொண்டு ஏற்றியது 4.7 கோடி டன் அளவுதான்.

இப்போது நம்ம ஊர். இங்கேயும் அந்தப் பேச்சு உண்டு, இல்லையா? “பேச்சிப்பாறை அணையை வெள்ளைக்காரன் மிஞ்சின் கட்டினார், இன்னும் நிற்குது. நம்மாள் கட்டினால் நிற்குமா?” மிஞ்சின் கட்டினார், உண்மை. 1906இல் முடிந்தது, கட்ட வைத்தது திருவிதாங்கூர் மகாராஜா மூலம் திருநாள். ஆனால் மாத்தூர் தொட்டிப் பாலம் 1966இல் நம்ம ஆட்கள் கட்டியது. 115 அடி உயரத்தில் தண்ணீரைக் கொண்டுபோகிறது, அதுவும் நிற்கிறது. பெருஞ்சாணி அணையும் நாடு விடுதலையான பிறகு வந்ததுதான். கட்டியவன் நிறத்துக்கும் சிமெண்டுக்கும் சம்பந்தம் இல்லை. அந்தத் தண்ணீரை எதிர்பார்த்து வயல் இருக்கிறது, ஷட்டரைத் திறந்துவிட ஆள் இருக்கிறான், திறக்காவிட்டால் கேட்பதற்குக் கடைவரம்பில் விவசாயி இருக்கிறான். அதனால் நிற்கிறது.

எங்கள் ஊர்க் குளத்துக் கதையைச் சொல்கிறேன். என் சிறுவயதில் அந்தக் குளத்தை நம்பி எண்பது ஏக்கர் வயல். மடையில் இரும்புத் திருகு வைத்த ஷட்டர். பூட்டுக்கூடக் கிடையாது. கும்பப்பூ என்ற இரண்டாம் போகத்துக்கு நாற்று நட்ட காலத்தில் யாராவது அந்தத் திருகில் கை வைத்தால் ஊரே திரண்டுவிடும். கன்னிப்பூ என்ற முதல் போக அறுப்பு முடிந்ததும் வரப்புக்காரர்கள் எல்லாம் மண்வெட்டியோடு போய் ஓடையைத் தூர் எடுப்பார்கள், என் அப்பா என்னையும் இழுத்துக்கொண்டு போவார். பிறகு அது ‘சர்க்கார் குளம்’ ஆனது. தூர் எடுப்பதும் சர்க்கார் வேலை ஆனது. வயலில் வாழை வந்தது, அப்புறம் மண்ணடித்துப் பிளாட் போட்டார்கள், இன்று பதினைந்து ஏக்கர் மிச்சம். நான் திரும்பி வந்து இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் ஷட்டர் இல்லை. திருகும் தகடும் ஒட்டுமொத்தமாகப் போய்விட்டது. எந்த இரவு போனது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. பல மாதமாக யாரும் அந்தப் பக்கம் போகவே இல்லை. முப்பது வருடம் பூட்டில்லாமல் இருந்த இரும்பு.

அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாயையும் நினைத்துப் பாருங்கள். டர்பனில் முதல் ரயில் ஓடிய அதே 1860ஐ ஒட்டித் திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் படகுப் பாதையால் இணைக்கத் தொடங்கிய கால்வாய் அது. நம்ம கடற்கரை ஓரம் அது இன்று எப்படிக் கிடக்கிறது என்று தேங்காப்பட்டணம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். படகு நின்றது, குப்பை விழுந்தது, கரை நெருங்கியது. ஒரு கால்வாயை யாரும் தோளில் தூக்கிக்கொண்டு போக முடியாது, ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக வேலி நகர்த்தி எடுத்துவிட முடியும். இதற்கு ஆக்சா பிளேடு வேண்டாம், கண்டும் காணாமல் இருக்கும் நாலு பேர் போதும். முப்பந்தல் காற்றாலைகளிலும் இதைப் பார்க்கிறேன். செம்புக் கேபிள் திருட்டு என்று அடிக்கடி செய்தி வருகிறது. எனக்குத் தெரிந்து அதிகம் போவது, ஓடாமல் நிறுத்திப்போட்ட பழைய காற்றாலைகளில்தான். ஆடிக் காற்றில் சுற்றிக்கொண்டிருப்பதில் எவனும் ஏறமாட்டான்.

ஆனால் கரண்டு இல்லாத கம்பியெல்லாம் திருட்டுப் போய்விடுமா என்றால், போகாது. இதை நான் 2017இல் கண்ணால் பார்த்தேன். ஒக்கி புயல் அடித்த நவம்பர் 30 அன்று நான் லீவில் ஊரில் இருந்தேன். மாவட்டம் முழுக்க ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்து, கம்பியெல்லாம் ரோட்டில் கிடந்தது. எங்கள் தெருவில் பத்து நாளுக்கு மேல் இருட்டு. அலுமினியக் கம்பியானாலும் ஆக்கர் கடையில் காசுதான். ஆனால் எங்கள் தெருப் பெண்கள் அந்தக் கம்பியைச் சுருட்டி, மழையில் மண்ணுக்குள் போகாமல் திண்ணையில் ஏற்றி வைத்திருந்தார்கள். வெளிமாவட்டங்களிலிருந்து மின்வாரிய ஆட்கள் லாரியில் வந்து இறங்கியபோது எடுத்துக் கொடுத்தார்கள், வீட்டுக்கு வீடு சோறு போட்டார்கள். கரண்டு திரும்ப வரும் என்று அந்தத் தெரு நம்பியது. என்னோடு வேலை பார்த்த சொவேட்டோக்காரரின் தெருவும் 2010 வாக்கில் ரயிலை அப்படித்தான் நம்பியது. பத்து வருடத்தில் அந்த நம்பிக்கையை அரைத்து அரைத்துத் தீர்த்தார்கள். ரயில் இனி வராது என்று தெருவே முடிவு செய்தபிறகு, அறுக்கிறவனைத் தடுக்க எந்த வீட்டிலிருந்தும் ஆள் வெளியே வரவில்லை.

நம்ம ஊரிலும் வருமா என்றீர்கள். ரயிலில் அவ்வளவு சுலபமாக வராது. ரயில்வே பாதுகாப்புப் படை தனியாக இருக்கிறது. 1966ஆம் ஆண்டின் சட்டப்படி ரயில்வே பொருளை வைத்திருப்பவன்தான் அது முறையாக வந்தது என்று நிரூபிக்க வேண்டும், ஆக்கர் கடைக்காரருக்கும் அந்தப் பயம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, காலையில் திருவனந்தபுரம் வண்டி அரை மணி நேரம் தாமதமானால் இரணியலிலும் குழித்துறையிலும் சத்தம் போட ஆட்கள் நிற்கிறார்கள். குளத்திலும் ஓடையிலும் ஏற்கெனவே வந்துவிட்டது என்பதுதான் என் பதில். அங்கே சத்தம் போட ஆள் குறைந்துவிட்டது.

தென்னாப்பிரிக்காவில் மக்கள் கடைசியில் ஓட்டில் சொன்னார்கள். 1994இல் 62 சதவீதமும் 2004இல் கிட்டத்தட்ட 70 சதவீதமும் வாங்கிய கட்சி 2024 மே மாதம் 40 சதவீதத்துக்கு வந்து, முதல் முறையாகப் பெரும்பான்மை இழந்து, மற்றவர்களோடு சேர்ந்து ஆட்சி அமைத்தது. அதே வருடம் மார்ச் கடைசியிலிருந்து பல மாதங்கள் தொடர்ந்து மின்வெட்டு இல்லை. கேப் டவுன் மத்தியத் தடத்தில் குடிசைக்காரர்களுக்கு மாற்று இடம் பேசி, கம்பி இழுத்து, மறுபடி ரயில் விட ஆரம்பித்திருக்கிறார்கள். பயணிகள் கணக்கு மெல்ல ஏறுகிறது. அழுத அந்த நண்பர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். போன வருடம் போனில் பேசும்போது, பேத்தியை ரயிலில் கூட்டிக்கொண்டு போனேன் என்றார். அவர் குரலில் இருந்த சந்தோஷத்தை இங்கே எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

எங்கள் மடைக்கு ஷட்டர் கேட்டு இரண்டு முறை மனு கொடுத்தோம். பதினைந்து ஏக்கருக்கு எதற்கு என்று வாய்மொழியாகப் பதில் வந்தது. குளம் நிறைந்தால்தான் சுற்றுவட்டாரக் கிணற்றில் தண்ணீர் நிற்கும் என்று, பிளாட் வாங்கி வீடு கட்டியவர்களிடமும் கையெழுத்து வாங்கி மூன்றாவது மனு கொடுத்திருக்கிறோம். போன வாரம் இரண்டு பேர் டேப்போடு வந்து மடையை அளந்துகொண்டு போனார்கள்.